கருத்துக்கேட்புக் கூட்டம்

09.11.2020, திங்கள்
மகள் பத்தாம் வகுப்பு. 16ஆம் தேதி பள்ளியைத் திறக்கலாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்கிறது அரசு. முகக்கவசத்தோடு வரிசையில் நின்று, படிவம் வாங்கி, 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன். மழைக்காலம், தீபாவளிக் கூட்டம் வேறு. எனக்குப் பின்னால் நின்றவர் ஆசிரியரிடம், "திறப்பது இருக்கட்டும் சார், இந்த வருஷம் எந்தப் பாடம் உண்டு, எது இல்லை?" என்றார். படிவத்தில் அதற்கு இடமில்லை.

12.11.2020
திறப்பைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பரவாயில்லை, கேட்டதற்குப் பலன் இருக்கிறது.

19.01.2021
10, 12 வகுப்புகளுக்கு மட்டும் பள்ளி திறந்தது. மாதத் தொடக்கத்தில் மறுபடியும் கூட்டம், மறுபடியும் படிவம். இம்முறை 'சரி' என்று கையெழுத்திட்டேன். குறைத்த பாடத்திட்டமும் வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இரவு இருவரும் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்து, நீக்கிய பகுதிகளைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போனோம். அவற்றில் பலவற்றைக் கல்வித் தொலைக்காட்சியைப் பார்த்து அவள் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தாள். துணியை வெட்டித் தைத்த பிறகு அளவு ரவிக்கை கொடுத்தனுப்பும் வாடிக்கையாளர்கள் என் தையல் கடைக்கும் வருவதுண்டு. அவர்களிடமாவது சண்டை போடலாம்.

25.02.2021
9, 10, 11 வகுப்புகளுக்குத் தேர்வே இல்லை, அனைவரும் தேர்ச்சி என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்துவிட்டார். தெருவில் பையன்கள் பட்டாசு வெடித்தார்கள். இவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

20.03.2022, ஞாயிறு
மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். குழுவில் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். தலைவராக ஒரு தாய்தான் வர வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இப்படியொரு குழு இருக்கிறதாம். எங்கள் பள்ளியில் இதுவரை யார் உறுப்பினர் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

குடிநீர், கழிப்பறை, இடைநின்ற பிள்ளைகள் என்று பேச்சு நீண்டது. எல்லாம் வேண்டியவைதான். நான் எழுந்து, "பத்தாம் வகுப்பில் விட்ட கணக்கை இப்போது யார் நடத்துவது? பதினொன்றில் அதெல்லாம் தெரியும் என்று வைத்துத்தானே தொடங்குகிறீர்கள்?" என்றேன். பெண்கள் பக்கம் தலைகள் ஆடின.

"பாடத்திட்டம் சென்னையில் முடிவாவது அம்மா, நம் கையில் இல்லை" என்றார் தலைமையாசிரியர். சற்று யோசித்து, "மாலை வகுப்பு வேண்டும் என்று குழு தீர்மானம் போட்டால் நான் மேலே அனுப்பலாம்" என்றார். ஆனால் குழுவுக்கு முதலில் தேர்தல் நடக்க வேண்டும். அதற்குள் இவள் பன்னிரண்டுக்குப் போய்விடுவாள்.

உறுப்பினராக நிற்கப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.