சித்தப்பாவுக்கு ஏறும் ஹார்ட்மன்ஸ்

12.02.2025, புதன், வவுனியா

கண்டியில் சித்தப்பாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. சிறுநீரகம் கொடுத்தது சித்தி. செட்டிகுளத்தில் பெரும்போக அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள். பின்னேரம் தம்பி போன் எடுத்தான். "அக்கா, தியேட்டரிலயே சலம் வந்திட்டுதாம்!" உயிரோடிருப்பவர் தரும் சிறுநீரகம் பெரும்பாலும் உடனேயே வேலை தொடங்கிவிடும். அது தெரிந்திருந்தும் நான் வேலை செய்யும் வாட்டில் நின்றபடியே அழுதுவிட்டேன்.

13.02.2025, வியாழன்

தம்பி அனுப்பிய படத்தில் ஹார்ட்மன்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. சேலைன் போல நாளத்தில் ஏற்றும் உப்புத் திரவம்தான் அது. பிஸ்டுலா, அதாவது டயலிசிஸுக்காக இணைத்த இரத்தக்குழாய், உள்ள இடது கையை ஒருவரும் தொடவில்லை. நல்லது.

அவனுக்குத்தான் பயம். "இதில பொட்டாசியம் இருக்கெண்டு எழுதியிருக்கே அக்கா?" பொட்டாசியம் ஏறிவிடும் என்று வாழைப்பழமும் இளநீரும் எத்தனையோ காலமாகத் தள்ளிவைத்த வீடு, கேட்கத்தானே செய்வான்.

லீற்றருக்கு 5 மில்லிமோல்தான். நம் குருதியில் இருக்கும் அளவும் ஏறக்குறைய அதுவே. சாதாரண சேலைனில் பொட்டாசியம் துளியும் இல்லை, ஆனால் குளோரைட் 154. குருதியில் அது 100 அளவில்தான் இருக்கும். லீற்றர் லீற்றராகச் சேலைன் ஏறினால் குருதியில் அமிலத்தன்மை கூடும், கலங்களுக்குள் கிடக்கும் பொட்டாசியம் வெளியே வரும். 2005இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், சேலைன் ஏற்றிய மாற்றுச் சிறுநீரக நோயாளரில் 19 சதவீதத்தினருக்குப் பொட்டாசியம் 6ஐத் தாண்டியது. ஹார்ட்மன்ஸைப் போன்றதேயான ரிங்கர்ஸ் லக்டேற் ஏற்றியவர்களில் ஒருவருக்கும் தாண்டவில்லை.

14.02.2025, வெள்ளி

இரவுக் கடமை. 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வைத் திரும்ப வாசித்தேன். 808 பேர், எல்லோருக்கும் இறந்தோரின் சிறுநீரகம். முதல் 7 நாளுக்குள் டயலிசிஸ் தேவைப்பட்டோர் சேலைனில் 40 சதவீதம், குளோரைட் குறைந்த இன்னொரு திரவமான பிளாஸ்மாலைற்றில் 30. சித்தி கொடுத்தது போன்ற சிறுநீரகம் அதில் சேரவில்லை. ஆனாலும் சேலைனைத்தான் முதலில் எடுக்கவேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

15.02.2025, சனி

எதை ஏற்றுவது என்பதோடு வேலை முடியாது. மணிக்கு மணி சலத்தை அளந்து, போனதைப் பார்த்துத்தான் அடுத்த மணிக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். குறைந்தால் புதுச் சிறுநீரகம் வாடும், கூடினால் நுரையீரலில் நீர் கட்டும். இன்று ஹார்ட்மன்ஸ் லைனைக் கழற்றிவிட்டார்களாம். "நல்லாத் தண்ணி குடியுங்கோ" என்று நேர்ஸ் சொல்ல, சித்தப்பா நம்பாமல் சித்தியிடம் ஆள் அனுப்பிக் கேட்டாராம்!

திங்கள் வாட்டில் ஒரு விசயம் பேசவேண்டும். மாற்றுச் சிறுநீரகத்தோடு ஊர் திரும்பியவர்கள் வயிற்றோட்டம் என்று வந்தால், பழக்கத்தில் சேலைன் போத்தலைத் தூக்காமல் குருதிப் பரிசோதனையைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். வயிற்றோட்டத்தில், புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் குடிக்கும் தக்ரோலிமஸ் மருந்தின் அளவும் குருதியில் ஏறிவிடும். கண்டிக் கிளினிக்கின் போன் நம்பரை வாட்டுப் பலகையில் ஒட்டச் சொல்வேன்.