முடிவுரைக்குப் பிறகும் தீராதது

கல்கியின் சரித்திர நாவலான 'பொன்னியின் செல்வன்' படித்து முடித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கதையைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே, முடித்த மறுநாள் பட்ட பாட்டைத்தான் பலர் சொல்லத் தொடங்குகிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேறொரு நாவலை எடுப்பதும், நாலு பக்கம் தாண்டாமல் மூடி வைப்பதும், என்ன ஆயிற்று என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாமல் எரிந்து விழுவதுமாகச் சில நாட்கள் போயின.

நான் படித்தது, உறவினர் ஒருவர் வாரப் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த தொகுப்பு. மணியம் வரைந்த சித்திரங்களில் சிலவற்றின் தலைப்பகுதியை பைண்டு செய்தவரின் கத்தி சீவியிருந்தது. அத்தியாயம் முடியும் இடத்தில் ஏதோ ஒரு துணுக்கு பாதியில் நின்றது. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு இந்தக் கதை ஏறக்குறைய மூன்றரை ஆண்டுப் பழக்கம். ஒரே மூச்சில் படித்த எனக்கே இப்படி என்றால், பத்திரிகை வந்தும் அதில் கதாநாயகன் வந்தியத்தேவன் இல்லாத முதல் வாரத்தை அவர்கள் எப்படிக் கழித்தார்களோ!

கழிக்க முடியவில்லை என்பதற்குக் கல்கியின் முடிவுரையே சாட்சி. கதையைத் திடீரென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைபட்டதால், யாருக்கு யாருடன் திருமணம் நடந்தது, யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்றெல்லாம் அவர் அதில் பொறுமையாக விளக்கம் சொல்கிறார். முதன்முறை அந்தப் பக்கங்களை ஆவலோடு புரட்டினேன். கேட்டதெல்லாம் கிடைத்தது, ஆனால் மனம் மட்டும் ஆறவில்லை. குந்தவையும் வந்தியத்தேவனும் மணந்துகொண்டார்கள் என்னும் செய்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியிருந்தது தகவல் அன்று. அவ்விருவரும் ஒருவரையொருவர் சீண்டிப் பேசும் இன்னோர் அத்தியாயம், கோடிக்கரையில் பூங்குழலி படகு தள்ளும் இன்னோர் இரவு. வாசகர்கள் கதையில் விடுபட்டதைக் கேட்பதாக நினைத்துக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் பிரிவாற்றாமையைத்தான் எழுதினார்கள் என்பது என் எண்ணம். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி கல்கியும் காலமானார்.

அதன்பின் அந்தப் பாத்திரங்களை வைத்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். இன்னும் சிலரும் எழுதினார்கள். உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயரும் ஊரும் அவையாகவே இருந்தும் பேச்சு வேறாக இருந்ததால், என் ஏக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. மீண்டும் முதல் பாகத்தை எடுப்பது அதைவிட மேல். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிற வந்தியத்தேவனுக்குத் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியாது, நமக்குத் தெரியும். முதல் வாசிப்பில் இல்லாத கனிவு ஒன்று இதனால் அவன்மீது உண்டாகிறது. ஆனால் உடனே எடுக்கக் கூடாது, சில மாதமாவது போக வேண்டும்.

அதுவரை என்ன படிப்பது என்று கேட்பவர்களுக்கு, இன்னொரு சரித்திர நாவலை மட்டும் தொட வேண்டாம் என்பேன். பாவம், அந்த ஆசிரியர் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் நம்மிடம் திட்டு வாங்குவார். சிறுகதைகள் படிக்கலாம். பத்துப் பக்கத்தில் முடிந்துவிடும் கதையில் யாரோடும் அவ்வளவு ஒட்டிக்கொள்ள நேரம் இருப்பதில்லை.