பெரியம்மாவின் தேடலும் என் ஓட்டும்

இலங்கையின் கிளிநொச்சியில், கந்தசாமி கோயில் முன்பு 2017 பிப்ரவரி 20-ஆம் தேதி, காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார்களில் என் பெரியம்மாவும் ஒருவர். 2009 மே மாதம் போர் முடிந்த நாட்களில், வட்டுவாகலில் ராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு தன் மகனை, என் அண்ணனை, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று நம்பி நின்றவர்.

காணாமல் போனோருக்கென்று 2016-இல் இலங்கையில் சட்டம் வந்தது, பிறகு அலுவலகமும் அமைந்தது. இழப்பீடு தருகிறோம் என்கிறார்கள். பெரியம்மா வாங்கவில்லை. "காசுக்கா பிள்ளையைக் கொடுத்தேன்? எங்கே கொண்டு போனார்கள் என்று சொல்லட்டும்" என்பதுதான் அவரது பதில். அவரோடு உட்கார்ந்த தாய்மார்கள் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள்.

வெயிலில் பிடித்துப் பிடித்து அண்ணனின் படம் வெளுத்துப் போனது. அதைக் கைப்பேசியில் எடுத்து எனக்கு அனுப்பினார். பள்ளிக்கூடப் படம், டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இடது புருவத்தில் சின்னத் தழும்பு. காட்பாடியில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்தேன். "கண்ணீர் அஞ்சலி எழுத வேண்டுமா அக்கா?" என்று கேட்டான் அந்தப் பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. "வேண்டாம் தம்பி, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றேன். தழும்பை அழிக்காமல் அச்சடிக்கச் சொன்னேன்.

நான் 1993-இல் வேலூர் பெண்ட்லண்ட் அரசு மருத்துவமனையில் பிறந்தேன். வளர்ந்தது மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் இந்த ஊர்தான். ஆனால் 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இன்னும் கடுமை. அம்மாவும் அப்பாவும் 1990-இல் படகில் வந்தவர்கள்; ஆகவே நான் அகதி. 2019-இல் குடியுரிமைச் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்தபோதும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். இலங்கையைச் சேர்க்கவில்லை.

அதே 2019-இல் பணம் பிடிபட்டு வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. ஆகஸ்டில் மறுபடி நடந்தபோது ஊரிடம் இரண்டாம் முறை வாக்குக் கேட்டார்கள். எங்களிடம் ஒரு முறைகூடக் கேட்க யாருக்கும் அவசியம் இல்லை. 2023-இல் முகாமில் புது வீடுகள் திறந்தார்கள். மழைக்கு ஒழுகாத கூரையின் அருமை எனக்குத் தெரியும், நன்றி மறக்க மாட்டேன். ஆனாலும் அந்த வீட்டுக்கு எதிரே தெருவிளக்கு எரியாவிட்டால் உரிமையோடு கேட்க, நான் ஓட்டுப் போட்ட கவுன்சிலர் என்று ஒருவர் வேண்டும்.

பெரியம்மா கேட்பது உண்மையை, நான் கேட்பது ஓட்டுரிமையை. இரண்டையும் சலுகையாக யாரும் தர வேண்டியதில்லை.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் வழக்குப் போட்டு, 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வென்று பாஸ்போர்ட் வாங்கினார், 2024-இல் வாக்களித்தும்விட்டார். முகாமில் இருக்கிற அக்கா, அண்ணன்மாரே, 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் உங்களுக்கும் அதே சட்டம்தான். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். மருத்துவமனையில் பதிவு இல்லையென்றால் பள்ளிச் சான்றிதழோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். விண்ணப்பம் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.