அம்மாவின் இனிஷியலும் 12,000 ரூபாயும்

நிலம் தருவதாகச் சொல்லித் தவணையில் பணம் வசூலித்த பிஏசிஎல் கம்பெனியில் அம்மா கட்டிய பணம் ஒருவழியாக வந்துவிட்டது. அசல் 12,000 மட்டும், வட்டி கிடையாது. பூ கட்டி விற்ற காசில் மாதம் 200 ரூபாயாக ஐந்து வருடம் கட்டியது. கட்டி முடித்த வருடம்தான், 2014 ஆகஸ்டில், இது நிலம் விற்கிற வியாபாரமே இல்லை, பதிவு செய்யாத கூட்டு முதலீட்டுத் திட்டம், வசூலித்த 49,100 கோடியைத் திருப்பிக் கொடுங்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி உத்தரவிட்டது. 2016ல் உச்ச நீதிமன்றம் சொல்லி நீதிபதி லோதா குழு அமைந்தது. சொத்துகளை விற்று, சிறிய தொகை போட்டவர்களுக்கு முதலில் என்று படிப்படியாகக் கொடுத்தார்கள்.

2019ல் ஆன்லைனில் விண்ணப்பித்தது அரை மணி நேர வேலை. மாட்டிக்கொண்டது இனிஷியலில். பணம் கட்டியதற்குக் கம்பெனி கொடுத்த சான்றிதழில், அதாவது பாண்டில், அப்பா பெயரின் எழுத்து, பான் கார்டில் தாத்தாவின் முழுப்பெயர், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. நம் ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். பார்க்காமல் அனுப்பிவிட்டேன். மாதக்கணக்காகக் காத்திருந்த பிறகு நிலவரம் பார்த்தால், குறைபாடு உள்ளது என்று வருகிறது. வயிறு எரிந்தது.

பான் கார்டு திருத்தம் சுலபமாக முடிந்தது. வங்கிச் சான்றுக்குத்தான் மூன்று நடை. முதல் நாள் மேனேஜர் லீவு. இரண்டாம் நாள் கவுன்ட்டரில் இருந்தவர் தாளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இந்த மாதிரி லெட்டர் எல்லாம் நாங்க தர்றதில்லம்மா" என்றார். அம்மா அன்றைக்குக் கட்ட வேண்டிய மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். வீடு வருவதற்குள் பாதி விரிந்துவிட்டது. மூன்றாம் முறை, குழு கொடுத்திருந்த சான்று மாதிரியையே அச்செடுத்து, விவரங்களை நிரப்பி எடுத்துப் போனேன். வேறொரு அதிகாரி படித்துப் பார்த்துப் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். வாயால் கேட்காதீர்கள், மாதிரியை நீட்டுங்கள்.

குறைகளைத் திருத்த மறுபடி வாய்ப்புத் தந்தபோது எல்லாவற்றையும் ஏற்றினேன். 2022ல், 10,001 முதல் 15,000 வரை உள்ளவர்கள் அசல் பாண்டை அனுப்பும்படி எஸ்எம்எஸ் வந்தது. அந்த எஸ்எம்எஸ் வராமல் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, பதிவுத் தபாலில் மும்பைக்கு அனுப்பி, அந்த ரசீதையும் பத்திரப்படுத்தினோம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கம்பெனி மூடிய சமயத்தில் எங்கள் தெரு ஏஜென்ட் வீடு வீடாக வந்து, "அக்கா, பாண்டைக் குடுங்க, ஆபீஸ்ல காட்டி வாங்கித் தரேன்" என்று கேட்டார். அம்மா பீரோ சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா நம்பிக் கொடுத்துவிட்டார். இன்று அவர் கையில் எழுத்து மங்கிப்போன ஒரு துண்டு ரசீதுதான் இருக்கிறது. அதையாவது லேமினேட் செய்யாமல் அப்படியே வையுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கிறேன்.