மோட்டார் தகடு: ஒரு வாட்டர்ஜெட் நாட்குறிப்பு

ஜூன் 3

பெல்ட்டில் ஓடும் சின்ன ரூட்டர் (கணினி ஓட்டும் செதுக்கு இயந்திரம்) ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எக்ஸ் அச்சின் மோட்டாரை இப்போதைக்கு ஒரு பிளைவுட் துண்டு தாங்கி நிற்கிறது. பெல்ட்டை இறுக்கினால் மோட்டார் தலை சாய்கிறது, பெல்ட் புல்லியின் ஓரத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. அலுமினியத் தகடு ஒன்றை வாட்டர்ஜெட்டில், அதாவது உயர் அழுத்த நீரில், வெட்டியாக வேண்டும். 6 மி.மீ. கனம், 6061 என்ற கலவை.

மோட்டார் நெமா 23 என்ற நிலையான அளவு. முகம் சுமார் 57 மி.மீ. சதுரம். நான்கு துளைகளும் 66.67 மி.மீ. வட்டத்தில் உட்கார்கின்றன, சதுரமாக அளந்தால் துளைக்குத் துளை 47.14. நடுவில் 38.1 விட்டத்துக்கு ஒரு வட்ட மேடு எழுந்து நிற்கும். மோட்டாரை இடத்தில் உட்கார வைக்கத்தான் அந்த மேடு. திருகுகள் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அச்சை நேராக வைப்பது மேட்டின் வேலை.

பெல்ட்டை இறுக்க மோட்டார் கொஞ்சம் நகர வேண்டும். அதனால் நான்கு துளைகளையும் ஸ்லாட்டாக (நீள்துளையாக) நீட்டினேன், 5.4 அகலம், 8 மி.மீ. நகர்வு. அப்படி நீட்டினால் நடுத் துளையையும் நீட்டித்தான் ஆக வேண்டும்: 38.3 அகலம், 46.3 நீளம். நல்ல விஷயம் என்னவென்றால், இந்த நடு ஸ்லாட்டின் நேரான இரண்டு சுவர்களும் மோட்டாருக்குத் தண்டவாளமாகிவிடும். மோட்டார் திரும்பாமல் முன்பின் மட்டுமே நகரும். தகட்டில் உண்மையிலேயே முக்கியமான இடம் இந்த இரண்டு சுவர்கள்தான். இவை தவிர, சட்டத்தில் தகட்டை நிறுத்தும் இரண்டு பின் (முளையாணி) துளைகள். மீதி எதுவும் அரை மி.மீ. தள்ளி இருந்தாலும் ரூட்டருக்குத் தெரியாது.

ஜூன் 4

வரைபடத்தை மறுபடி திறந்து, இந்த முறை ஜெட்டின் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மில்லிங் கட்டர் ஓர் இரும்புத் துண்டு, நினைத்த இடத்தில் நிற்கும். வாட்டர்ஜெட்டில் வெட்டும் கருவியே தண்ணீர். சுமார் 4,000 பார் அழுத்தத்தில், 0.35 மி.மீ. விட்டமுள்ள ஒரு ரத்தினத் துளை வழியாகப் பீறிடுகிறது. வேகம் ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஓட்டம் உண்டாக்கும் உறிஞ்சலிலேயே கார்னெட் மணல் உள்ளே இழுக்கப்படுகிறது, அதைத் தள்ள தனி பம்ப் கிடையாது. இரண்டும் கலந்து சுமார் 1 மி.மீ. துளையுள்ள கார்பைடு குழாயான நாசிலிலிருந்து வெளியே வருகின்றன. செலவாகும் தண்ணீர் நிமிடத்துக்கு மூன்று, நான்கு லிட்டர்தான்! குளியலறைக் குழாயே இதைவிட அதிகம் கொட்டும். உலோகத்தை உண்மையில் அரிப்பது மணல். தண்ணீர் அதற்கு வாகனம்.

வடிவமைப்பவர் கவனிக்க வேண்டியது, இந்த ஓட்டம் வளையும் என்பதுதான். தலை நகர்ந்தால் ஜெட்டின் அடிப்பாகம், இழுத்துச் செல்லும் ஈரக் கயிற்றின் நுனி போலப் பின்தங்கி வரும். நேர்க்கோட்டில் பாதகமில்லை, வெட்டு முகத்தின் கீழ்ப்பாதியில் சாய்ந்த கோடுகள் தெரியும், அவ்வளவுதான். மூலையில் வேகம் குறையாமல் திரும்பினால் அடிப்பாகம் வெளியே வீசி, கீழ் விளிம்பைக் கடித்துவிடும். இயந்திரத்தின் மென்பொருள் மூலைக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும். நாம் மூலையை உருட்டிக் கொடுத்தால் அதற்கும் சுலபம். உள் மூலை எப்படியும் ஜெட்டின் ஆரத்தைவிடக் கூர்மையாக வராது. எல்லா உள் மூலைக்கும் 1.5 ஆரம் போட்டேன். வெளி மூலைகளுக்கு 5, அது என் விரல்களுக்காக.

அடுத்தது டேப்பர். வழக்கமான வேகத்தில் வெட்டுத்தடம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். ஆகவே துளை மேலே பெரிது, கீழே சிறிது. வெளி விளிம்பு அதற்கு நேர் எதிர். வேகத்தைக் குறைக்கக் குறைக்கச் சுவர் நேராகும். அதற்கு மேலும் குறைத்தால் டேப்பர் தலைகீழாகத் திரும்பும், கீழே அகலமாகிவிடும். மெதுவாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மோட்டாரின் மேடு எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கம் துளை அகலமாக இருந்தால் நல்லது. எனவே வெட்டும்போது மோட்டார் பக்கம் மேலே இருக்க வேண்டும். தகடு இடம் வலம் ஒரே மாதிரி இல்லை, ஆகவே மோட்டார் பக்கத்திலிருந்து பார்த்தபடியே வரைந்தேன். "இந்தப் பக்கம் மேலே" என்று பக்கத்தில் எழுதியும் வைத்தேன்.

ஜூன் 6

கோப்பு வேலை. சலிப்பான நாள், ஆனால் ஜெட் இந்தக் கோடுகளின் மேல்தான் நடக்கப்போகிறது.

டிஎக்ஸ்எஃப் (ஒரு வரைபடக் கோப்பு வகை), மி.மீ. அலகு, ஒன்றுக்கு ஒன்று அளவு. டிஎக்ஸ்எஃப் கோப்பைத் திறக்கும் மென்பொருள்கள் சில நேரம் அலகைத் தாங்களே ஊகித்துக்கொள்ளும், மி.மீ. அங்குலமாகிவிடும். அதனால் தகட்டின் மொத்த நீள அகலத்தைத் தனியாக எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அளவுக் கோடு, மையக் கோடு, தலைப்புப் பெட்டி எல்லாம் போக வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் அவற்றையும் வெட்டத் துணியும். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் இரட்டைக் கோடுகளையும் நீக்கினேன். திரையில் ஒரே கோடாகத்தான் தெரியும், ஜெட் இரண்டு முறை போகும். எல்லா வளையங்களும் மூடியிருக்கின்றனவா என்றும் பார்த்தாயிற்று.

ஜெட்டின் அகலத்துக்காகக் கோட்டை வெட்டுத்தடத்தின் பாதி அளவு தள்ளி ஒதுக்கும் வேலையை நான் செய்யவில்லை. பகுதியின் உண்மையான அளவைத்தான் வரைய வேண்டும். ஜெட் எவ்வளவு அகலம் என்பது அன்றைய நாசிலின் தேய்மானத்தைப் பொறுத்தது, அது ஆபரேட்டருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் தனித்தனியே ஒதுக்கினால் எல்லாத் துளைகளும் 1 மி.மீ. சின்னதாகப் போகும்.

பின் துளைகளுக்கு 6 மி.மீ. வேண்டும், ஆனால் வரைந்தது 5.5. ஜெட் விட்ட சுவரில் டேப்பர் இருக்கும், சொரசொரப்பு இருக்கும், கார்னெட் துகள்கூடப் பதிந்திருக்கலாம். அதில் நேரடியாக ரீமரை (துளையைத் துல்லியமாக்கும் கருவியை) விட்டால் ரீமரின் கூர் போய்விடும். 5.8 டிரில் முதலில், அப்புறம் 6 ரீமர். லிமிட் சுவிட்சுக்கான (அச்சின் எல்லையை உணரும் சுவிட்ச்) எம்4 மரைத் துளைகளை வெட்டச் சொல்லவே இல்லை. குறைந்த அழுத்தத்தில் ஒரு கணம் ஜெட்டைத் தொட்டு எடுத்தால் சின்னக் குழி விழும். சென்டர் பஞ்சுக்குப் பதில் அதுவே போதும். 3.3 டிரிலை நானே விட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 7

தகடு வந்தது, டி651. வெப்பப் பதப்படுத்தலுக்குப் பிறகு இழுத்துத் தகைவு நீக்கிய ரகம். வெட்டியதும் வளையாது என்ற நம்பிக்கையில் இதைக் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 10

பட்டறைக்குப் போனேன். ஆபரேட்டர் அண்ணன் திரையில் கோப்பைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதுல எது முக்கியம் தம்பி?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் வேலையும். நடு ஸ்லாட்டின் இரண்டு சுவர்களைக் காட்டினேன். "அங்க மட்டும் மெதுவா விடுவோம். வெளிச்சுற்றுக்கு நடுத்தரம் போதும்" என்றார். மென்பொருளில் தரம் 1 முதல் 5 வரை உண்டு. 1 என்றால் துண்டு பிரிந்தால் சரி, 5 என்றால் வழவழப்பு. இரண்டுக்கும் நடுவே நேரம் பல மடங்கு. ஒவ்வொரு நிமிடமும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மணல் போய்க்கொண்டே இருக்கும், இந்த வேலையில் பெரிய செலவே அதுதான். எல்லா விளிம்புக்கும் 5 கேட்பவர்கள் யாருமே பார்க்காத விளிம்புக்கும் சேர்த்து மணலைக் கொட்டுகிறார்கள்.

முதலில் தகட்டின் ஓரத்தில் 20 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டினார். மைக்ரோமீட்டரில் மேல் விளிம்பு 19.84, கீழ் விளிம்பு 19.94. மேலுக்கும் கீழுக்கும் 0.10 வித்தியாசம், பக்கத்துக்கு 0.05 டேப்பர். கீழ் அளவே 0.06 குறைகிறது என்றால், நாசில் தேய்ந்து ஜெட் கணக்கைவிட 0.06 பருத்திருக்கிறது. ஆஃப்செட்டில், அதாவது கோட்டிலிருந்து ஜெட் ஒதுங்கும் தூரத்தில், அதில் பாதியான 0.03 கூட்டினார். கீழ் அளவைப் பிடித்ததற்குக் காரணம், துளையில் மிக இறுக்கமான இடம் அதுதான். அது சரியாக இருந்தால் மேலே எப்படியும் நுழையும்.

பிறகு ஜெட் எங்கே உள்ளே நுழைவது என்ற பேச்சு. துளைத்து இறங்கும் இடம் ஒழுங்கில்லாமல் இருக்கும், அதனால் எப்போதும் கழிவுப் பக்கத்தில் துளைத்து, சின்ன வளைவாக நடந்து வந்து கோட்டைத் தொட வேண்டும். தொடும் இடத்தில் ஒரு தழும்பு கட்டாயம் விழும். நடு ஸ்லாட்டில் அதை வளைந்த முனைக்கு மாற்றச் சொன்னேன், மேடு அங்கே உரசாது.

ஸ்லாட்டுகளின் கழிவுத் துண்டுகள், தகட்டைத் தாங்கும் பட்டைகளின் இடைவெளியில் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிடும். நடு ஸ்லாட்டின் துண்டு பெரியது, பட்டை மேல் சாய்ந்து ஒரு முனை எழும்பினால் வரும் நாசில் அதில் மோதும். அதனால் அதில் 0.6 மி.மீ. அளவுக்கு வெட்டாமல் ஒரு பாலம் விட்டார். வெளிச்சுற்றிலும் இரண்டு. வெட்டும் வரிசை உள்ளிருந்து வெளியே: வெளிச்சுற்றை முதலில் வெட்டினால் தகடு அசைந்துவிடும், அப்புறம் எந்தத் துளையும் இடத்தில் இருக்காது.

கவ்விகள் நாசில் போகும் வழியில் இல்லை என்று ஒருமுறை ஜெட் இல்லாமல் தலையை மட்டும் சுற்றவிட்டுப் பார்த்தார். நாசிலுக்கும் தகட்டுக்கும் 2 மி.மீ. இடைவெளி. தொட்டியின் நீர்மட்டத்தைத் தகட்டுக்கு மேலே உயர்த்தியதும் சத்தம் கணிசமாக அடங்கியது, ஆனாலும் காதுக்கு அடைப்பான் வேண்டும். ஜெட் ஓடும்போது கையை எதற்காகவும் நீட்டக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். தோலில் தெரிவது ஊசிக் குத்து அளவு காயமாக இருக்கும், உள்ளே தண்ணீரும் மணலும் அழுக்கும் ஆழமாகப் போயிருக்கும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

வெட்டு முடிந்தது. பொறி இல்லை, புகை இல்லை. தொட்டியிலிருந்து எடுத்த தகடு குளிர்ச்சியாக இருந்தது.

ஜூன் 11

மேசை வேலை. முதலில் நன்றாகக் கழுவினேன், மூலை முடுக்கெல்லாம் கார்னெட். பாலங்களைச் சின்ன ரம்பத்தால் அறுத்து, அரத்தால் சமன் செய்தேன். கீழ் விளிம்பில் விரலுக்குத் தட்டுப்படுகிற அளவு மெல்லிய பிசிறு. மேல் முகத்தில் வெட்டை ஒட்டி மங்கலான ஒரு கரை, சிதறிய மணல் தீட்டியது. மோட்டார் அதை மறைத்துவிடும்.

நடு ஸ்லாட்: கீழே 38.30, மேலே 38.36. மெதுவாக விட்டது தெரிகிறது. வெளி விளிம்பில் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

பின் துளைகள் டிரில், ரீமர் எல்லாம் ஒழுங்காகப் போயின. எம்4 மரையும் போட்டாயிற்று.

ஜூன் 14

அதிர்வைக் குறைக்க மோட்டாருக்கும் தகட்டுக்கும் நடுவே 2 மி.மீ. ரப்பர் வைக்கலாமா என்று ஒரு யோசனை. அதே இயந்திரத்தில் மணல் இல்லாமல் வெறும் தண்ணீரில் வெட்டலாம். ஜெட் முடியிழை அளவுக்குச் சின்னதாகிவிடும், ஓரம் கத்தியில் வெட்டியது போலவே வரும். சொல்லப்போனால் வெறும் தண்ணீர்தான் முதலில் வந்தது. 1950களில் நார்மன் ஃப்ரான்ஸ் மரத்தை அறுக்க உயர் அழுத்த நீரை ஆராய்ந்தார். மணலைக் கலந்து உலோகம் வெட்டும் வழி 1980 வாக்கில்தான் முகமது ஹஷிஷின் கையில் உருவானது.

ஆனால் ரப்பர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மேட்டின் உயரமே ஒன்றரை மி.மீ. அளவுதான். 2 மி.மீ. ரப்பர் அதை முழுதாக விழுங்கிவிடும், ஸ்லாட் சுவரைத் தொட எதுவும் மிஞ்சாது. பார்த்துப் பார்த்து வெட்டிய சுவர்கள் சும்மா நிற்கும்.

ஜூன் 15

பொருத்தினேன். மேடு ஸ்லாட்டில் கையால் தள்ளியதும் உட்கார்ந்தது, பக்கவாட்டில் ஆட்டம் தெரியவில்லை. திருகுகளைத் தளர்த்தி, மோட்டாரை இழுத்து, இறுக்கினேன். பெல்ட் புல்லியின் நடுவிலேயே ஓடுகிறது. 8 மி.மீ. நகர்வில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

ஒய் அச்சுக்கும் இதே தகடுதான், கண்ணாடிப் பிம்பமாக. அதில் லிமிட் சுவிட்ச் கிடையாது, அந்தக் குழிகளை எடுத்துவிட்டேன். வெளிச்சுற்றை இன்னும் ஒரு படி வேகமாக விடச் சொல்லி எழுதி, கோப்பை அண்ணனுக்கு அனுப்பியாயிற்று.