சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல

எங்கள் மருத்துவ இதழுக்கு வந்த புது ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி. "அக்கா, ப்ரொஃப் முடிவு பண்ணி வச்சது ஏதாவது பாக்கி இருக்கா?" நான் சொன்னதும் ஒரே பதில். "சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல டாக்டர்." அந்தத் திங்கட்கிழமை காலையை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் சொன்னது பொய் இல்லை. கட்டுரைகளைப் பதியும் சிஸ்டத்தில் ஒரு கட்டுரைக்கு நேராக 'மதிப்பாய்வு முடிந்தது, முடிவு நிலுவையில்' என்றுதான் இருந்தது. ஆனால் முந்தின வியாழக்கிழமை சாயங்காலம், அதுவரை ஆசிரியராக இருந்த ப்ரொஃப் எனக்குப் போன் பண்ணி, "அந்த எலிக்காய்ச்சல் கட்டுரையை எடுத்துக்கலாம்மா, லெட்டர் அனுப்பிடு" என்று சொல்லியிருந்தார். மறுநாள் வெள்ளி அவருக்குக் கடைசி நாள். கேசரி, மாலை, குரூப் போட்டோ என்று போய்விட்டது. லெட்டர் போகவில்லை.

மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. கட்டுரையாளர்கள் ஐந்து பேர். அதில் கடைசி ஆள் மலேசியாவின் சபா மாநிலத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார், அவருடைய ஒப்புதல் படிவம் மட்டும் வரவில்லை. கட்டுரையின் எல்லா அம்சங்களுக்கும் தானும் பொறுப்பு என்று ஒவ்வொரு கட்டுரையாளரும் ஏற்க வேண்டும் என்பதைக் கட்டுரையாளராக இருப்பதற்கான நாலாவது நிபந்தனையாக, மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ 2013-இல் சேர்த்தது. அதிலிருந்து கையெழுத்து விஷயத்தில் நான் கறாராகத்தான் இருக்கிறேன். தன் பெயர் கட்டுரையில் இருப்பதே தெரியாமல் அச்சான பிறகு போன் பண்ணிக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் காத்திருந்தது சரி என்று வாதாடலாம். ஆனால் ஏற்புக் கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டு, அச்சுக்குப் போகும் முன் படிவத்தை வாங்கிக்கொள்வதும் எங்கள் அலுவலகத்தில் நடந்ததுதான். நானே பல தடவை செய்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமை மட்டும் ஏன் அவ்வளவு கறார்?

ப்ரொஃப் போனிலேயே முடிவு சொல்வது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அவர் நல்ல ஆசிரியர். ஒவ்வொரு கட்டுரையையும் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் எழுதி எழுதிப் படிப்பார். ஆனால் ஏன் எடுத்தோம், ஏன் விட்டோம் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். இந்தக் கட்டுரையில் மதிப்பாய்வாளர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் எடுக்கலாம் என்றார், இன்னொருவர் நோயாளிகளின் எண்ணிக்கை போதாது என்றார். ப்ரொஃப் சொன்ன காரணம், "மாவட்ட மருத்துவமனையில இருக்கறவங்க எழுதலன்னா இத வேற யாரும்மா எழுதுவா?" அதில் எனக்கும் உடன்பாடுதான். எலிக்காய்ச்சல் 2010 முதல் மலேசியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். மலாயில் கென்சிங் தீக்குஸ், அதாவது எலி மூத்திரம், என்றால் நீர்வீழ்ச்சிக்குக் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் முதல் சில நாள் அது டெங்கிக் காய்ச்சல் மாதிரியே இருந்து டாக்டரையே ஏமாற்றும். அதை வார்டில் நின்று பார்த்தவர்கள் எழுதியதற்கு ஒரு மதிப்பு உண்டு.

புது டாக்டர் வந்த அன்றே சொன்னார், இனி எல்லா முடிவும் சிஸ்டத்தில்தான், காரணத்தோடு பதிவாக வேண்டும் என்று. இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை அது. சந்தோஷத்தில் அவருக்கு எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்து அந்தக் கேள்வி வந்தபோது, 'சிஸ்டத்துல' என்ற சொல் தானாக வாயில் வந்துவிட்டது. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். சில ராத்திரிகளில் அது தானாக வந்ததாகவும் தோன்றுவதில்லை.

இதில் என்னை அதிகம் குடைவது வேறொன்று. பதிப்பு நெறிகளுக்கான கோப் (COPE) அமைப்பு இதழ் ஆசிரியர்களுக்கு வகுத்த நெறிமுறையில் ஒரு வரி உண்டு. முந்தைய ஆசிரியர் வெளியிடுவதாக முடிவு செய்த கட்டுரையை, அதில் கடுமையான பிரச்சினை தெரியவந்தாலொழிய, புது ஆசிரியர் மாற்றக் கூடாது. பொறுப்பு ஒப்படைக்கும் கோப்பில் அந்த வரியை டைப் செய்து வைத்ததே நான்தான். டாக்டர் அதைப் படித்துவிட்டுத்தான் கேட்டார். இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்தக் கட்டுரையைத் தொட்டிருக்க மாட்டார்.

அவர் அறையிலிருந்து என் மேசைக்குப் பத்தடி. திரும்பி வந்து மெயிலைத் திறந்தால், சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவிலிருந்து படிவம் வந்திருந்தது. சனிக்கிழமை ராத்திரி அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட்டு, கைப்பேசியில் போட்டோ எடுத்த தாள். கீழ் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் தெரிந்தது, நகத்துக்குப் பக்கத்தில் நீல மை. பதில் சொல்லிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுந்து போய், "டாக்டர், ஒண்ணு விட்டுப்போச்சு" என்று சொல்லியிருக்கலாம். நான் படிவத்தைக் கோப்பில் சேர்த்தேன். அப்புறம் தண்ணீர் குடிக்கப் போனேன்.

மூன்று வாரம் கழித்து நிராகரிப்புக் கடிதம் போனது. நியாயமான கடிதம்தான். இரண்டாவது மதிப்பாய்வாளர் சொன்னதை டாக்டர் பொறுமையாக விளக்கி, எங்கே அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தார். அவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. இதழ்களைத் தரம்பார்க்கும் சைட்ஸ்கோர் என்பது நாலு வருஷத்து மேற்கோள்களை அதே நாலு வருஷத்துக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. இப்படிப்பட்ட சின்னத் தொகுப்புகள் வகுக்கும் எண்ணைத்தான் கூட்டும். ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் பட்டியலில் இல்லாத இதழுக்கு நம் பல்கலைக்கழகங்களிலிருந்து யார் எழுதுவார்கள்? அவர் காப்பாற்ற வேண்டியது இதழை.

மருத்துவ இதழ்களில் ஆசிரியர் மாறுவது என்றால் பெரிய கதைகளைத்தான் சொல்வார்கள். 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவிலிருந்து ஜார்ஜ் லுண்ட்பெர்க்கை நீக்கினார்கள், அதே வருஷம் நியூ இங்கிலாந்து ஜர்னலை விட்டு ஜெரோம் காசிரர் போக நேர்ந்தது. 2006-இல் கனடாவின் மருத்துவ இதழில் ஜான் ஹோயை நீக்கினார்கள். இதழை நடத்தும் சங்கம் ஒரு பக்கம், ஆசிரியர் ஒரு பக்கம், நடுவில் ஆசிரியரின் சுதந்திரம். எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் நீக்கவில்லை. இரண்டு ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை, இடையில் நான் இருந்ததால்.

கட்டுரையை எழுதிய தம்பி போன் பண்ணினார். "ப்ரொஃப் எடுத்துக்கிட்டதாச் சொன்னாரேக்கா." லெட்டர் வராத வரைக்கும் முடிவு கிடையாது டாக்டர் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் ஃப்ரெண்டு படிவம் லேட்டானதாலயா?" என்று கேட்டார். இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். சபாவில் இருக்கும் அந்தப் பையனாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதுவும் சிஸ்டத்தில் இருப்பதுபோல ஒரு உண்மைதான்.

கடிதம் இல்லாமல் முடிவு இல்லை என்பதை இன்றும் நம்புகிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லித் தருகிறேன். ஆனால் போன மாதம் ஒப்படைப்புக் கோப்பின் அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்தேன். மேலே 'வாய்மொழியாகச் சொன்னது' என்று எழுதினேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, "இது எதுக்குக்கா? நம்மகிட்டதான் இப்ப வாய்மொழி கிடையாதே" என்றார்.

"இருக்கட்டும் டாக்டர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.