கண்டென்சர்காரன் பார்த்த கல்பாக்கம்

எண்ணூர் பக்கம் எர்ணாவூரில் எங்கள் மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால், சாயங்காலம் கரிச் சாம்பலை உதறித்தான் எடுக்க வேண்டும். 29 வருஷம் அனல் மின் நிலையத்தில் டர்பைன் ஷிஃப்ட் பார்த்தவன் நான். அந்தச் சாம்பலில் எனக்கும் பங்கு இருப்பதால், வீட்டம்மா திட்டும்போது வாயைத் திறப்பதில்லை.

போன மாதம் கல்பாக்கம் போயிருந்தேன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன் அங்கே அணுமின் நிலையத்தில் இருந்து ரிட்டயர் ஆனவன். நிலையத்துக்குள் நம்மை விடுவார்களா என்ன! கடற்கரையில் உட்கார்ந்தோம். பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்.

"உங்க யூனிட்ல ஸ்டீம் எத்தனை டிகிரிடா?"

210 மெகாவாட், 535 டிகிரி என்றேன். "எங்களுக்கு 250தான்" என்றான். நம்பவில்லை. அணு உலை என்றால் நம் பாய்லரைவிடக் கொதிக்கும் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்! உலையில் சூடான கனநீர் (கன ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்), அழுத்தத்தால் கொதிக்காமல் 290 டிகிரி வாக்கில் வெளியே வந்து, சாதாத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. அப்புறம் டர்பைன், ஸ்டீமைக் கடல்நீரால் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சர், எல்லாம் நம் கதைதான். ஆனால் ஸ்டீமில் சூடு குறைவு என்பதால், அதே மின்சாரத்துக்கு எங்களைவிட அதிக வெப்பத்தைக் கடலில் கொட்டியாக வேண்டும். கடல் இல்லாவிட்டால் எங்களைவிட அவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

எரிபொருளில் மட்டும் நான் தோற்றேன். எங்கள் யூனிட் நாளைக்கு 3,000 டன்னுக்கு மேல் கரி தின்னும். அவனுடைய 220 மெகாவாட்டுக்கு அரை மீட்டர் நீளக் கட்டுகள் எட்டோ ஒன்பதோ போதும், கட்டுக்குச் சுமார் 13 கிலோ யுரேனியம். அதையும் உலை ஓடும்போதே மாற்றுகிறார்கள். ஆனால் எரிந்து முடிந்த கட்டுகளை வருஷக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காவல் காக்க வேண்டும். எது தேவலை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் வீட்டுக் கொடியில் சட்டை வெள்ளையாகக் காய்ந்தது, அவ்வளவுதான்.

ராஜஸ்தானில் கனடாக்காரர்கள் போட்டுக்கொடுத்த உலையின் மாதிரியை வைத்து, இங்கே நம் ஆட்களே கட்டினார்கள். முதல் அலகு 1983 ஜூலையில் உயிர்பெற்றது, இரண்டாவது 1985இல். 1989 வாக்கில் உலைக்குள் கனநீர் நுழையும் குழாய் அமைப்பு உடைந்து, 170 மெகாவாட்டுக்கு இறக்கி ஓட்டினார்கள். 220க்கு மீள பதினைந்து வருஷம் பிடித்தது. திறக்கவே முடியாத இடத்தில் ரிப்பேர் என்றால் சும்மாவா?

கடல்நீர் வரும் வழிதான் எனக்குப் பிடித்தது. கரையிலிருந்து கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர், கடலடிப் பாறைக்குள் சுரங்கம். அதற்குள் பச்சை ஆளி என்ற சிப்பி வந்து ஒட்டும், குளோரின் விட்டு விரட்ட வேண்டும். சில மாதங்களில் சொறி (ஜெல்லி மீன்) கூட்டமாக வந்து சல்லடையை அடைக்கும். எண்ணூர்க் கடலிலும் இதே சொறிதான், வலை இழுப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் அந்தச் சுரங்கம் வழியாகத்தான் சுனாமி பம்ப் ஹவுஸுக்குள் ஏறியது. முதல் அலகு பராமரிப்புக்காக நின்றிருந்தது. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர்ப் பம்புகள் மூழ்கின, உலையைப் பத்திரமாக நிறுத்தி, குளிரவைத்தார்கள். சில நாட்களில் மறுபடி ஓடியது. ஆட்கள் போனது வெளியே, கடலோரக் குடியிருப்பில்.

"உனக்கு அன்னிக்கு ஷிஃப்டா?" என்று கேட்டேன்.

"இல்லடா, வீட்ல இருந்தேன்" என்றான். அப்புறம் எழுந்து லுங்கியில் மணலைத் தட்டிக்கொண்டு, வா, டீ குடிக்கலாம் என்றான்.